இரண்டு தாள்களுக்கு நடுவில்

வரைபட அறையில் பழைய தாள்களைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. மலையில் சுரங்கம் மூடி மூன்று தலைமுறை ஆயிற்று. அளந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், அவர்கள் வரைந்தது மட்டும் அலமாரியில் கிடக்கிறது.

அந்த மலைச்சரிவில்தான் தம்பி வீடு கட்டிக் குடியேறியிருந்தான். சுவரில் கீறல் விட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலையின் கிழக்குப் பாதியைக் காட்டும் தாளை எடுத்தாள். ஒரு சுரங்கப்பாதை புள்ளிக்கோடாக மேற்கே வந்து, தாளின் ஓரத்தில் நின்றது. மேற்குத் தாளில், தம்பி வீடு இருக்கும் இடத்தில், வெறும் மரங்கள். இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தாள். பாதை முடியவில்லை, தாள்தான் முடிந்திருக்கிறது. மிச்சத்தை அடுத்த தாளை வரைகிறவன் போடுவான் என்று ஒருவன் விட்டிருக்கிறான். அடுத்த மகராசன் கண்ணுக்குத் தெரிந்த மரத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அலுவலக அதிகாரியிடம் ஓடி, வீட்டுக்கு அடியில் பாதை போகிறதென்று எழுதித்தரக் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. வரைபடத்தில் இல்லாத கோடு இருக்கிறதென்று எப்படி எழுதித்தருவது என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். தோண்டிப் பார்க்கலாமே என்றாள். தோண்ட உத்தரவு போடுவதற்கும் வரைபடத்தில் கோடு வேண்டுமாம். கோழி முதலா முட்டை முதலா கதைதான்.

தம்பி எதையும் சிரித்தே தள்ளுகிறவன். வீட்டைக் காலி செய் என்று அவள் சொன்னதற்கும் சிரித்தான்.

"புது வீடுன்னா நாலு கீறல் விடத்தான்க்கா செய்யும். உங்க ஆபீஸ் மேப்லயே ஒண்ணுமில்லையே. வெறும் சந்தேகத்த நம்பி புள்ளகுட்டியோட எங்க போய் நிக்கறது?"

அவளுடைய ஒற்றை அறையில் எல்லோரும் நாலு நாள் தங்கலாம். அதற்குப் பிறகு?

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது தம்பி மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, எங்க பந்து தானா நடக்குது, பாருங்களேன்."

கூடத்தின் நடுவில் வைத்தாள். பந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக உருண்டு, கீறல் விட்ட கிழக்குச் சுவரில் போய் முட்டியது.

தம்பி சிரித்தபடி, தரை போட்டவனைத் திட்ட ஆரம்பித்தான். பாதியில் நின்றுவிட்டான். குடிவந்த அன்று கொத்தனார் இதே இடத்தில் ரசமட்டம் வைத்து, தரை துளிகூடச் சாயவில்லை என்று, குமிழி நடுவில் நிற்பதைப் பெருமையாகக் காட்டியிருந்தார். அன்று அக்காவும் தம்பியும் குனிந்து பார்த்திருந்தார்கள்.

"இப்ப என்னக்கா பண்றது?" என்றான் தம்பி.

குழந்தை பந்தை எடுத்துவந்து மறுபடி நடுவில் வைத்தது.