கறுப்புத் துணி போட்ட ஜன்னல்

படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டிக்கொண்டிருந்தார் பள்ளி வேன் ஓட்டுநர். கட்டிலில் இருந்த அவர் மனைவி, சீருடை தைக்கும் தையல்காரி, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்னங்க, வீட்டையே சினிமாக் கொட்டகை ஆக்குறீங்க?"

"காமாலைக்கு வெளிச்சம் ஆகாதாம். ஆறு வாரத்துக்கு நீ வெளிய தலை காட்டக் கூடாது."

"இது என்ன புதுக் கதையா இருக்கு!"

அவர் அடுத்த ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, துணியின் மறு ஓரத்தை இழுத்துப் பிடித்தார்.

அது வெறும் காமாலை இல்லை. பித்தக் குழாயில் புற்றுநோய். கத்தி வைக்க முடியாத இடத்தில் பரவியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே மருத்துவர் அவரைத் தனியே அழைத்துத்தான் சொன்னார். "இதைக் குணப்படுத்த முடியாது. ஆனா ஊசி மூலமா ஒரு மருந்து ஏத்தி, ரெண்டு நாள் கழிச்சு உள்ள மெல்லிய குழாய் விட்டு, அந்தக் கட்டி மேல சிவப்பு ஒளி பாய்ச்சலாம். அடைப்பு விடும், அரிப்பு அடங்கும், கொஞ்ச காலம் நிம்மதியா இருப்பாங்க. அந்த மருந்து உடம்புல இருக்கிற வரைக்கும் வெயில் பட்டா தோல் வெந்துடும். அவங்ககிட்ட நானே பேசுறேன்."

"வேண்டாம் டாக்டர். அவ தாங்கமாட்டா. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

அந்தப் பக்குவமான நேரம் வரவே இல்லை. சம்மதத் தாளில் அவர் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கக்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர் காட்டிய இடமாயிற்றே!

சிகிச்சை பலித்தது. சீப்பின் பல்லால் ரத்தம் வரச் சொறிந்துகொண்டிருந்தவள் நிம்மதியாகத் தூங்கினாள். கண்ணில் இருந்த மஞ்சள் மறைந்தது. அக்கா போனில் வருகிறேன் என்றபோது, "இப்ப எதுக்குக்கா? நல்லாகிட்டேன். அடுத்த லீவுல வா, ஊரெல்லாம் சுத்தலாம்" என்று சொல்லிவிட்டாள். கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

மருந்து ஏற்றிய பதினோராம் நாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நின்றபோது அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். "உடனே வாங்க. உங்க வீட்டம்மா கத்துறாங்க!"

காமாலைதான் போய்விட்டதே என்று, நூல் வாங்க இரண்டு தெரு தள்ளிக் கடைக்குப் போயிருந்தாள். நல்ல வெயில். திரும்பி வருவதற்குள் முகமும் கைகளும் தீப்பட்டதுபோல் சிவந்து வீங்கிவிட்டன.

மருத்துவமனையில் மங்கிய விளக்கடியில் கொப்புளங்களுக்கு மருந்திட்ட நர்ஸ் கேட்டாள். "வெயில்ல போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே. புற்றுநோய்க்கு இந்த மருந்து போட்டா…"

மனைவி தலையைத் திருப்பினாள். கணவரை மட்டும் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

நர்ஸ் போன பிறகு, "எத்தனை நாள்?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம்…"

"எத்தனை நாள்னு கேட்டேன்."

"ஒரு வருஷம் இருக்கலாம். முன்னப் பின்ன ஆகலாம்னார்." அவர் கட்டிலோரம் நகர்ந்தார். "நீ தாங்கமாட்டியேன்னுதான்மா…"

"தாங்குறதும் தாங்காததும் என் பாடு. இருக்கிறதே கொஞ்ச நாள். அதுல ஒரு மாசத்தைப் பொய் சொல்லியே கழிச்சிட்டீங்க. வர்றேன்னு சொன்ன அக்காவை நானே வர வேண்டாம்னுட்டேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?"

வீங்கிய கண்ணிமைகளுக்கிடையே நீர் வழிந்தது. துடைக்கப்போன அவர் கையைத் தடுத்தாள். கொப்புளம் வலித்ததா, கோபமா, அவருக்குத் தெரியவில்லை. அவள் அருகே தரையிலேயே உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு மாதமாகத் தனியாக அழுதவர், முதல்முறையாக அவள் எதிரில் அழுதார்.

அவர் அழுகை அடங்கியதும் அவள் சொன்னாள்:

"பாசத்துலதான் மறைச்சீங்க, தெரியுது. ஆனா வியாதிக்காரங்ககிட்ட அவங்க வியாதியை மறைக்கிறது பாவங்க. எஞ்சியிருக்கிற நாளை எப்படி வாழணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும். அக்காவுக்குப் போன் போடுங்க. உடனே கிளம்பச் சொல்லுங்க. எதுக்குன்னும் மறைக்காம சொல்லுங்க."

அவர் அக்காவின் எண்ணை அழுத்தினார்.