இரண்டு லாரித் தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். அன்று வியாழக்கிழமை காலை லியாகத் அலி பாய் வீட்டுப் பின்பக்கம் போய் நீச்சல் குளத்தைப் பார்த்ததும் அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. மூன்று வாரம் முன்பு நான் விட்டுப் போனபோது தரை ஓடுகளை எண்ணிவிடலாம்போலத் தெளிவாக இருந்த தண்ணீர், இப்போது கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் கிடந்தது. போதாததற்கு உள்ளே ஏதோ துள்ளியது.

“இன்னா பாய் இது?”

“மீனும்மா யசோ,” என்றார் பாய், பெருமையாக. “கொசுப்புழு தின்ற மீனு. எதிர்வூட்டுக் கெணத்துலேர்ந்து இருவது புடிச்சாந்து வுட்டேன். இப்ப எரநூறு கீது.”

குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனால் நஷ்டம் யாருக்கு? பையைக் கீழே வைத்தேன்.

வீட்டு நீச்சல் குளங்களைப் பராமரிப்பது என் தொழில். என் வாடிக்கை வீடுகள் எல்லாம் தெற்கே, கடற்கரைச் சாலைப் பக்கம். வடக்கே எனக்கு இருக்கும் ஒரே குளம் விம்கோ நகர் தாண்டி இருக்கும் இந்த வீட்டுக் குளம்தான். பதினாறடி நீளம், பத்தடி அகலம், நாலடி ஆழம். வாரம் ஒருமுறை நான் வருவேன். மற்ற நாட்களில் பாய் செய்யவேண்டியதை அட்டையில் எழுதி பம்பு பக்கத்தில் ஒட்டியிருந்தேன். காலையில் மிதக்கும் குப்பையை வலைக்கரண்டியால் அள்ளணும், சுவரைத் தேய்க்கணும், பம்பை ஆறு மணி நேரம் ஓட விடணும், சாயங்காலம் அளந்து குளோரின் போடணும். அவ்வளவுதான்.

பாய் ராயபுரத்தில் விசைப்படகுகளுக்குக் கயிறும் வலையும் தார்ப்பாயும் விற்கிறவர். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது, அவர் கணக்கில். தங்கச்சி கல்யாணத்துக்காக நான் லீவு போட்ட நேரம் பார்த்து, கொசு ஒழிக்க வந்த யாரோ கிணற்றில் மீன் விடச் சொல்லியிருக்கிறார்கள். கிணற்றுக்குச் சொன்னதைப் பாய் குளத்துக்கும் செய்துவிட்டார். குளோரின் போட்டால் மீன் செத்துவிடும் என்று அதை நிறுத்தினார். பம்பு மீனை இழுத்துவிடும் என்று அதையும் நிறுத்தினார். சோம்பேறித்தனத்தால் அவர் ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாம் அக்கறை! சோம்பேறிகளோடு காலம் தள்ளிவிடலாம், அக்கறைக்காரர்களோடுதான் முடியாது.

குளம் கட்டியதே அவர் மனைவி ஜஹானாராவுக்காக. எனக்கு அவர் பாயம்மா. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூன்று மாதம் தினமும் மார்பளவுத் தண்ணீரில் நடக்கணும், வலி குறையாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“திங்கக்கெழமயோட மூணு மாசம் முடியுதும்மா,” என்றார் பாய். இப்போது குரலில் பெருமை இல்லை. “வலி அப்பிடியேதான் கீது. தேதி குறிச்சிடுவாரு.”

சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்த பாயம்மா முழங்காலைத் தடவிக்கொண்டார். கத்தி என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் வெளுத்துவிடும்.

அவர்கள் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும். பம்புக்கு முன்னால் ஒரு வடிகூடை இருக்கும். அதைத் திறந்தால் அந்த வீட்டுக் கதை முழுக்கத் தெரியும். ஒரு வீட்டில் ஹேர்பின், ஒரு வீட்டில் நாய் முடி, ஒரு வீட்டில் பிளாஸ்திரி. இங்கே மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்தது வேப்பிலையும், மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்து விழும் கரித்தூளும்தான். ஒரு முடி கிடையாது. சுவர் ஓட்டில் எண்ணெய்ப் பிசுக்குக் கோடு கிடையாது. இந்தக் குளத்தில் யாருமே இறங்கவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைப் போன்ற வாயாடிகளுக்குத்தான் தெரியும்.

முதலில் மீனைப் பிடிக்கவேண்டும். பாய் கடையிலிருந்து புது வலை ஒன்று வரவழைத்தார். இறால் வலையாம், சின்னக் கண்ணாம். குளத்தின் குறுக்கே இழுத்தோம். மீன்கள் ஒரு கண்ணில் நுழைந்து மறு கண்ணில் வெளியே வந்து விளையாடின.

பாயம்மா சிரித்தேவிட்டார். “முப்பது வருசமா வல விக்கிறாரு! ஒரு பொடவ போதுங்க இதுக்கு.”

பழைய, மெல்லிய வாயில் துணிப் புடவை ஒன்று வந்தது. ஒரு முனையைப் பாய் பிடித்தார், மறு முனையை நான். இருவரும் தண்ணீரில் இறங்கி இழுத்தால் மீனெல்லாம் எதிர்மூலைக்கு ஓடியது. துரத்திவிட ஆள் வேண்டும்.

“நவுருங்க,” என்று பாயம்மா எழுந்தார். கம்பியைப் பிடித்து, நைட்டியோடு, அந்தப் பச்சைத் தண்ணீரில் இறங்கிவிட்டார். “ஏய், இந்தப் பக்கம் போ! அதோ பாருங்க, காலுக்குள்ள வுட்டீங்களே!” அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஒரு மணி நேரம் நடந்தார். வாளி வாளியாக மீன் ஏறியது.

பாய் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கிணற்றுக்குப் போனதும் கேட்டுவிட்டேன். “பாயம்மா, நீங்க இதுக்கு முன்ன ஒரு நாளாச்சும் எறங்கினீங்களா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சின்ன வயசுல, கல்மண்டபத்துல எங்க வூட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு கொடம் தண்ணி. அதுல கால் பட்டுச்சுன்னா எங்கம்மா தோல உரிச்சிடும். இங்க அவரு ரெண்டு லாரி தண்ணி ரொப்பி வெச்சிகீறாரு, கண்ணாடி மாதிரி. அதுல இந்தக் கால வெக்க மனசு வரல யசோ. தெனிக்கும் அவரு கடைலேர்ந்து வர்றதுக்கு முன்ன ஓரமா ஒக்காந்து, கையால அள்ளி நைட்டிய நனைச்சிகினு உள்ள போயிடுவேன். ஆசையா கட்டினாரு, எப்பிடி சொல்றது?”

“இப்ப எறங்கினீங்களே?”

“இது தண்ணியா? குட்ட.”

நான் வேலையை ஒழுங்காகச் செய்தால் இந்த அம்மாளுக்கு ஆபரேஷன்! ஆனாலும் செய்யாமல் இருக்க முடியுமா? அன்று சுவரையும் தரையையும் தோள் வலிக்கத் தேய்த்தேன். வெயில் இறங்கியதும் குளோரினை வழக்கத்தைவிட மூன்று பங்கு போட்டேன். பம்பு நிற்காமல் ஓடியது. வெள்ளிக்கிழமை மற்ற வீடுகளை ஒத்திப்போட்டு வந்து, வடிகட்டிக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசி, அடியில் படிந்த பாசியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். சனிக்கிழமை காலை குளோரின் இறங்கி அளவுக்கு வந்திருந்தது. தரை ஓடுகளை மறுபடியும் எண்ணலாம்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் பாய். “எறங்கு ஜஹானா.”

பாயம்மா முதல் படிக்கு மேலேயே நின்றார். கால் எழவில்லை. திடீரென்று அழ ஆரம்பித்தார். என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொல்லி முடித்தார்.

பாய் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த வலைக்கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் மட்டும் எறங்கினனா?” என்றார். “மீன் புடிச்ச அன்னிக்கி மட்டுந்தான். வலையத் தூக்கிகினு சுத்தி சுத்தி வந்ததோட சரி. எனக்கும் மனசு வரல.”

அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“ரெண்டு பேரும் கேளுங்க. நானும் லாரி பின்னால கொடத்தோட ஓடினவதான். மொத மொத ஒரு குளத்தப் பாத்தப்ப ஓரமா குந்திகினு அழுதேன், ஆத்தரத்துல. ஆனா இந்தத் தண்ணி மூணு மாசமா இதே தண்ணிதான். அழுக்காச்சுன்னா எடுக்க நான் கீறேன், அதுக்குத்தான் வரேன். நீங்க கால் வெச்சா இது வீணாப் போவாது. வெக்கலன்னாதான் ரெண்டு லாரி தண்ணியும் வீணு. அத்தோட என் முதுகும் வீணு!”

பாயம்மா கம்பியைப் பிடித்து, “பிஸ்மில்லாஹ்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. தண்ணீர் இடுப்புக்கு வந்து மார்புக்கு ஏறியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தார். நடந்தார்.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். “டாக்டருக்கு இன்னான்னு சொல்றது?”

பாயம்மா நடையை நிறுத்தவில்லை. எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பும்போதுதான் பதில் வந்தது.

“மூணு மாசம் இன்னிக்கித்தான் ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு நீங்களும் எறங்குங்க.”