எது சூடாக இருக்கிறதோ அது

ஆவரங்குடியில் பொழுது விடிவது பேரூராட்சி அலுவலகக் கணினியிலிருந்து. காலை ஐந்தரைக்கு அது தானாக உயிர்பெறும். உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும். முதலில் கிழக்கு வெளுக்கும், பிறகு சேவல், பிறகு பால்காரர், கடைசியாக மற்றவர்கள். இரவு பத்து மணிக்கு ஊர் அணையும்போது அன்று நடந்ததெல்லாம் டிஸ்கில் ஏறியிருக்கும். மறுநாள் எல்லோரும் அதிலிருந்துதான் எழுந்திருப்பார்கள்.

அந்த டிஸ்குக்குப் பதினொரு வயது. கிழடு தட்டிவிட்டது. வரிசை தப்பி, சேவல் கூவி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளிச்சம் வரும். மார்கழியில் ஒருநாள் தெற்குத் தெரு மட்டும் எட்டரை வரை விடியவே இல்லை. பள்ளிக்கூட வேன் இருட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. மனுக் கொடுத்தார்கள். மனு போக வேண்டிய இடமெல்லாம் போய், சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாவட்ட அலுவலகத்திலிருந்து தேவசகாயம் என்ற டெக்னீஷியன் புது டிஸ்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கணினியின் மூடியைக் கழற்றி, பழைய டிஸ்கில் இருந்த ஊரை அப்படியே புதியதில் நகல் எடுத்தார். மாலை நாலரைக்கு வேலை முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணினி ஆபரேட்டர் குணவதியிடம் சொன்னார்.

"ரெண்டும் ஒரே பேருலதான்மா இருக்கும். வீட்டுக்குப் போறப்ப ஸ்கிரீன்ல ரெண்டு வரி வரும். ரெண்டாவதுதான் புதுசு. அதுக்கு நகர்த்திட்டு என்டர் தட்டுங்க. ஒரு தடவை தட்டினாப் போதும், அப்புறம் கேக்காது. காலையில ரெண்டையும் தொட்டுப் பாருங்க. எது சூடா இருக்கோ அதுதான் ஓடுது. மூணு வாரம் பாத்துட்டுப் பழசை அழிச்சிருங்க."

"சரி சார்."

குணவதியுடையது பதினொரு வருடமாக எது வந்தாலும் என்டர் தட்டிப் பழகிய கை. அன்றும் தட்டியது. நகர்த்தவில்லை. குறி முதல் வரியிலேயே நின்றது.

கோடைக்காலம் என்பதால் மறுநாள் வெளிச்சம் சற்று முன்னதாக வந்தது. "புதுசு புதுசுதான்யா" என்றார்கள் டீக்கடையில். வயதானவர்களுக்கு முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருந்தது. செயல் அலுவலர் கணினியின் மூடியைத் தன் கையாலேயே மாட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, மாலையும் போட்டார். சாமியாகிவிட்ட பெட்டியைத் திறந்து யார் தொட்டுப் பார்ப்பது? ஊர் பழைய டிஸ்கிலேயே ஓடிக்கொண்டு, புதியதன் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் குணவதியின் கணவர் தணிகாசலம் செத்துப்போனார். பேரூராட்சி வயர்மேன். அவர்கள் தெருவிலேயே இருந்த பிள்ளையார் கோயில் கம்பத்தில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஏறினார், விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது ஏற்றிச் செல்ல உயிர் இல்லை. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு ஹமீதா காலையிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான முதல் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. வீணாக வந்த வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போனது. இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் குழந்தை இல்லை என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பெண் குழந்தை. ஷமீமா என்று பெயர் வைத்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அது அழும். இந்தப் பக்கம் குணவதி படுத்துக் கிடப்பாள். அந்த அழுகைதான் அவளுக்குத் துணையாக இருந்தது. அதையே அவள் வெறுக்கவும் செய்தாள்.

பதினாறு முடியும் முன்பே அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. நாளையோடு மூன்று வாரம் முடிகிறது, பழைய டிஸ்கை அழிக்க வேண்டும். குணவதி போனாள். வாடிப்போன மாலையை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தாள். சொன்னபடி தொட்டுப் பார்த்தாள். பழையது காய்ச்சல்காரன் நெற்றியைப் போல் கொதித்தது. புதியது ஜில்லென்று இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதியதில் இன்னும் செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணி. அதில் தணிகாசலம் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பார். தேவசகாயத்துக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னால் அவர் வந்து இன்றைய ஊரைப் புதிதாக நகல் எடுத்துக் கொடுப்பார். எதுவும் தொலையாது. ஷமீமா இருப்பாள். தணிகாசலம் செத்தவர் செத்தவராகவே இருப்பார்.

"சார், புதுசுல செவ்வாய்க்கிழமை வரைக்கும்தானே ஏத்தினீங்க?"

"ஆமா. ஏம்மா, நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுது சார். நடுவுல ஏதாவது ஒரு தாள்ல எழுதி வச்சா?"

"தாளும் டிஸ்க்லதானே இருக்கு. ஊர்ல இருக்கறது எல்லாம் டிஸ்க்ல இருக்கும்மா. டிஸ்க் மட்டும்தான் டிஸ்க்ல இல்ல."

"சரி சார்" என்று போனை வைத்தாள்.

புதிய டிஸ்கின் மேல் கம்பெனிக்காரர்கள் அச்சடித்தது போக வெள்ளையாக ஒரு வரிக்கு இடம் இருந்தது. மற்ற இடமெல்லாம் வழவழப்பான கறுப்பு. அலுவலகத்தில் இருந்ததோ கட்டை மார்க்கர். அவள் எழுதினாள்: தணிகாசலத்தைக் கம்பத்தில் ஏறவிடாதே. இடம் தீர்ந்துவிட்டது. ஹமீதாவை முன்னதாகவே டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல் என்பதும் ஏறக்குறைய அதே நீளம்தான். அவர் ஏறாவிட்டால் ஆம்புலன்ஸ் அந்தத் தெருவுக்கு வராது. மை ஈரமாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் துடைத்துவிட்டு மற்றதை எழுதியிருக்கலாம். அவளுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது. மை காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ந்தபின் இரண்டு வரிகளையும் திரையில் வரவழைத்து, குறியை இரண்டாவதுக்கு நகர்த்தி, என்டர் தட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஹமீதா வாசலில் நின்றாள்.

"குணாக்கா, இவளைக் கொஞ்சம் புடிங்கக்கா. அடுப்புல பால் பொங்குது."

குணவதி வாங்கிக்கொண்டாள். குழந்தை சூடாக இருந்தது. ஹமீதா வந்ததும் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கெல்லாம் ஊர் முழுக்க ஒரே வீச்சில் விடிந்தது. சேவல்கள் கூவ நேரமில்லாமல் திணறின. குணவதிக்கு நேற்று செவ்வாய்க்கிழமை. பக்கத்தில் தணிகாசலம் எழுந்து உட்கார்ந்து, காக்கிச் சட்டையைக் காணோம் என்று சலித்துக்கொண்டார். கொடியில் கிடப்பதாக அவள் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்த பேப்பரில் தேதி மூன்று வாரம் முன்னே போயிருந்தது. அலுவலகத்தில் காலண்டரின் இருபத்தோரு தாள்களைச் சேர்த்துப் பிடித்துக் கிழித்தார்கள்.

கணினியின் மூடி செவ்வாய்க்கிழமை இருந்தபடியே திறந்து கிடந்தது. செயல் அலுவலர் மாலையோடு காத்திருந்தார். மாட்டுவதற்குள் குணவதி இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். புதியது சூடாக இருந்தது, பழையது ஆறிக்கொண்டிருந்தது. புதியதன் மேல் தன் கையெழுத்தில் இருந்ததைப் படித்தாள். தணிகாசலத்துக்குப் போன் செய்தாள்.

"கம்பத்துல ஏறாதீங்க."

"ஏன்?"

"எழுதியிருக்கு."

"அப்பச் சரி" என்றார்.

மூன்று வாரம் முடிந்ததால் பழையதை அழித்து அறிக்கை அனுப்பும்படி மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்து மேசையில் கிடந்தது. குணவதி அதற்கான நிரலைத் திறந்தபோது ஹமீதா நிறைமாத வயிற்றோடு மகப்பேறு விண்ணப்பம் கொண்டுவந்தாள். நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். திரை, அழிக்கலாமா என்று கேட்டது. குணவதி என்டர் தட்டினாள். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று எண் ஏறத் தொடங்கியது.

பழைய டிஸ்கிலிருந்து ஒரு கைக்குழந்தை அழும் சத்தம் வந்தது.

"பழசுன்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றார் செயல் அலுவலர்.

குணவதி விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தாள்.

"பிரசவம் எங்க பாக்கப் போறே?"

"இங்கேயே பாத்துக்கலாம்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்கக்கா. அப்புடி அவசரம்னா ஆம்புலன்ஸ் வராமயா போயிரும்?"

குணவதி உள்ளூர் என்று எழுதினாள். அழுகை வலுத்தது. ஹமீதாவின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து பரவியது. அவள் குனிந்து பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகவரியைச் சொன்னாள். நாற்பத்தொன்றாம் சதவீதத்தில் அழுகை நின்றது.

"தூங்கிருச்சு" என்றாள் ஹமீதா.

குணவதி குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"இது எத்தனையாவது குழந்தை?"

"ரெண்டாவது."

குணவதி இரண்டு என்று எழுதிக்கொண்டாள்.