தொண்ணூற்றேழு சதவீதம் காட்டுமாடு

குன்னூர் பஸ் நிலையத்துக்கு மேலே, வர்க்கி சுடும் கடை ஒன்றின் மாடியில் மூன்று பேர் வேலை செய்யும் கணினி ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அடுப்புச் சூடு தரை வழியாக ஏறி வருவதால் மார்கழியிலும் அங்கே ஸ்வெட்டர் வேண்டாம். ஆபீஸை நடத்துகிறவர் நவநீதன். அவரிடம் வேலை பார்ப்பவர்கள் ஊட்டிக்காரன் கமலேஷும், கீழ் கோத்தகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஸ்டெபியும்.

பதினொரு மணி டீக்கு அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அன்றைய விஞ்ஞானச் செய்தி ஒன்றை வாசிக்க வேண்டும். மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். யார் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லையோ அவர்தான் கீழே இறங்கிப் போய் டீ வாங்கி வர வேண்டும். படி செங்குத்து. அதனால் எல்லோரும் உயிரைக் கொடுத்து யோசிப்பார்கள்.

"இன்னும் ஒரே வருசத்துல புரோகிராம் எழுத மனுசனே தேவையில்லையாமாங்க. பெரிய கம்பெனி முதலாளி சொல்லியிருக்காரு" என்று ஒருநாள் கமலேஷ் வாசித்தான்.

"போன வருசமும் ஒரு வருசம்னுதான் சொன்னாரு. நம்ம ரோட்டு காண்ட்ராக்டர்கிட்ட டிரெய்னிங் எடுத்திருப்பாராட்டம் இருக்குது" என்றார் நவநீதன்.

"அது எழுதுனது ஓடலீன்னா ஞாயித்துக்கெழம யாருக்கு போன் பண்ணித் திட்டுவாங்களாமா?" என்றாள் ஸ்டெபி.

இன்னொரு நாள், எங்கோ தூரத்துக் கிரகத்தில் தண்ணீர் இருப்பதற்கு அடையாளம் தெரிகிறதாம். "நம்ம பைப்புல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருது. அங்கயாச்சும் தெனம் வரட்டும்" என்றாள் ஸ்டெபி. நவநீதனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாலும் ஸ்டெபியின் மனதில் ஒரு கவலை இருந்தது. சென்னையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, இனி மலையை விட்டு இறங்குவதில்லை என்று வந்தவள் அவள். வீட்டில் அம்மா ஜெஸிந்தா மட்டும்தான். ஆனால் ஆபீஸுக்குப் போதிய வேலை வரவில்லை. நவநீதன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: அவர்கள் செய்துகொண்டிருக்கும் எஸ்டேட் வேலை கைக்கு வந்தால் குன்னூர் ஆபீஸ் இருக்கும். வராவிட்டால் மூடிவிட்டு அவர் கோயமுத்தூர் போவார். ஸ்டெபி பெங்களூரோ சென்னையோ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த எஸ்டேட் வேலை என்னவென்றால், கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் காட்டுக்குள் காட்டுமாடு வந்துவிடும். மூடுபனியில் பக்கத்தில் வரும்வரை தெரியாது. போன வருடம் மாரியாயி என்ற தொழிலாளியை ஒன்று முட்டியதில் இடுப்பெலும்பு நகர்ந்து, அவர் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். இப்போதும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதனால் காட்டோரத்தில் கேமரா வைத்து, காட்டுமாடு தெரிந்தால் சங்கு ஊதுவதுபோல ஒரு கருவி செய்தார்கள். கேமரா காட்டும் படம் மாடா மனுஷியா என்று கணினியே பார்த்துச் சொல்லும். அதற்கு முதலில் நிறைய மாட்டுப் படங்களும் நிறைய மனுஷிப் படங்களும் காட்டிப் பழக்க வேண்டும். பழக்கினார்கள். ஜெஸிந்தாவும் மாரியாயியும் கொழுந்து பறிக்கும் அதே காட்டில்தான் கேமராவையும் மாட்டினார்கள்.

ஏப்ரல், மே முழுக்க அது பொறுப்பாக வேலை செய்தது. ஜூன் மாதத்தில் மழை பிடித்த முதல் நாள் காலையில் மூன்று முறை சங்கு ஊதியது. மூன்று முறையும் பெண்கள் கூடையோடு மேட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாடே வரவில்லை. அப்புறம் சூப்பர்வைசரின் போனுக்கு வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிவப்புக் கட்டம் ஒன்று. அதன் மேலே 'காட்டுமாடு, 97 சதவீதம்' என்று எழுத்து. கட்டத்துக்குள் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது ஜெஸிந்தா.

அன்று சாயங்காலம் ஸ்டெபி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவின் குரல் வந்தது.

"வாங்க கம்ப்யூட்டர் மேடம். தொண்ணூத்தேழு சதவீதம்! பத்தாங்கிளாஸ்ல நீ கூட அவ்வளவு வாங்கலியே. நா உங்க ஆபீஸ்ல வாங்கிட்டேன்."

"அம்மா..."

"மாரியாயி மத்தியானம் எனக்குப் புல்லு புடுங்கிக் குடுக்கறா. சாப்டுன்னு."

ஸ்டெபிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொடியில் அம்மாவின் படங்கு சொட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைத்தான் அங்கே படங்கு என்பார்கள். தலைக்கும் ஒரு கறுப்புத் துண்டு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு விஷயம் பிடிபட்டது. மனுஷிகளைப் படம் எடுக்க அவளும் கமலேஷும் போனதெல்லாம் பிப்ரவரி, மார்ச். கேமரா நனையக்கூடாது, கமலேஷை அட்டை கடிக்கக்கூடாது. அதனால் வெயில் நாளாகப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். அப்போது எல்லாரும் சிவப்பும் மஞ்சளுமாகச் சேலைத் தலைப்போடு நின்றார்கள். மாடுகளோ அதற்கு முன்பே காட்டோரத்தில் வைத்த கேமராவில் பனியிலும் மழையிலும் வந்து தாமே படத்தில் விழுந்தவை. ஆக, பனிக்குள் கறுப்பாக எது குனிந்தாலும் மாடு என்று அந்தக் கணினி படித்துவைத்திருந்தது. தப்பு அதன்மேல் இல்லை.

மறுநாள் டீ வேளையில் செய்தி வாசிக்கும் முறை கமலேஷுடையது. அவன் போனைப் பார்த்துத் தயங்கினான். ஊர் வாட்ஸப் குழுவில் வந்திருந்தது.

"தேயிலை பறித்த பெண்களைக் காட்டுமாடு என்றது நவீனக் கருவி. கண்டுபிடித்தவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்தக் கோரிக்கை."

யாருக்கும் வரி வரவில்லை. "அவங்க நம்மளவிட நல்லா எழுதறாங்க" என்றார் நவநீதன் கடைசியில். ஸ்டெபி டீ வாங்க எழுந்து போனாள்.

அவள் திரும்பி வந்ததும் நவநீதன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வெள்ளிக்கெழம எஸ்டேட்ல கடைசி முடிவு. மேனேஜர் தனசிங் என்ன சொல்லியிருக்காருன்னா, பொம்பளைங்க வேணும்னு சொன்னா வெச்சுக்கறோம், வேண்டாம்னா கழட்டிட்டுப் போங்கன்னு. ஒண்ணு பண்ணு சாமி. தொண்ணூத்தொம்பது சதவீதம் உறுதியா இருந்தாத்தான் ஊதணும்னு மாத்தி வெய்யி. படங்குக்கு ஊதாது. வெள்ளிக்கெழம தாண்டிட்டா அப்பறம் நிதானமா சரி பண்ணிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை, கண்ணுகளா. இரண்டு வருடம் தன் சம்பளத்தைத் தள்ளிவைத்து ஆபீஸை நடத்தியவர்.

ஸ்டெபி மாற்றினாள். ஐந்து நிமிட வேலைதான். பிறகு பழைய மாட்டுப் படங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பனியில் வந்த நாற்பது மாட்டில் முப்பத்து நான்குக்கு ஊதியது. ஆறு மாடு ஓசையில்லாமல் கடந்து போயின. ஆறாவது படத்தில் மாட்டின் கொம்பு கேமராவுக்குப் பத்தடியில் இருந்தது.

அவள் அந்தப் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்தாள். பிறகு மாற்றியதைப் பழையபடி ஆக்கினாள்.

"ஏனுங்க சார், வெள்ளிக்கெழம நானே பேசட்டுங்களா?"

நவநீதன் அவள் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "பேசு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையும் தூறல். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் முப்பது பெண்கள் கறுப்புப் படங்கோடு நின்றார்கள். ஸ்டெபி முன்னால் வந்ததும் யாரோ 'ம்மா' என்று மாடுபோலக் கத்த, களமே சிரித்தது. ஜெஸிந்தா மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றால் இவள் மறுபடி பெட்டி கட்டுவாள் என்பது அந்தப் பெண்களில் அவருக்கு மட்டுந்தானே தெரியும்.

"தப்பு எங்களுதுங்க. உங்கள மழையில வந்து நாங்க படமே எடுக்கல" என்று ஆரம்பித்தாள் ஸ்டெபி. "இத சத்தமில்லாம ஆக்க முடியும். ஆபீஸ்ல ஆக்கிப் பாத்தேன். உங்களப் பாத்து ஊதாது. ஆனா நாப்பது மாட்டுல ஆறு மாட்ட விட்டுடுது. அதனால மறுபடியும் பழையபடியே வெச்சிருக்கேன். இன்னிக்கும் ஊதும். உங்களுக்குத் தொந்தரவுதான். வேண்டாம்னா கழட்டிடறோங்க."

நவநீதன் கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரியாயி காலை இழுத்து முன்னால் வந்தார். இலங்கையிலிருந்து வந்த குடும்பம், பேச்சில் இன்னும் அந்த இழுப்பு உண்டு.

"என்னா புள்ள, ஒண்ணு கேக்குறேன். எங்கள மாடுன்னு சொல்லிச்சு. சரி. ஒரு நாளாவது மாட்டப் பாத்து மாரியாயின்னு சொல்லியிருக்கா?"

"இல்லீங்கக்கா. இதுவரைக்கும் இருவத்தி மூணு தடவ நெசமாவே மாடு வந்திருக்கு. இருவத்தி மூணு தடவையும் ஊதியிருக்கு."

மாரியாயி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? என்னைய மாடுன்னா நா சிரிச்சிட்டுப் போறேன். மாட்ட நான்னு நெனச்சிச்சுன்னா யாரு சிரிக்கிறது? போன வருசம் எனக்கு எதுவும் ஊதல."

களத்தில் சிரிப்பு அடங்கியது. ஒரு பெண் மெதுவாக, "அது ஊதுனா அஞ்சு நிமிசம் இடுப்ப நிமித்திக்கலாம்" என்றாள். மறுபடி சிரிப்பு. தனசிங் தொண்டையைச் செருமினார். "அந்த அஞ்சு நிமிசத்தப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். வெச்சுக்கலாமா, வேண்டாமா? கை தூக்குங்க."

முப்பது பேரும் கை தூக்கினார்கள். ஜெஸிந்தா இரண்டு கையையும் தூக்கிவிட, "ஒரு ஓட்டுதான்!" என்று மாரியாயி ஒன்றைப் பிடித்து இறக்கினார். தனசிங் ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு நவநீதனிடம் நீட்டினார். "சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க சார்."

சரி பண்ணுவதற்கு வழி ஒன்றுதான். மழையிலேயே படம் எடுக்க வேண்டும். அங்கேயே, அப்போதே ஆரம்பித்தார்கள். கமலேஷ் காலில் உப்பைத் தடவிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினான். அட்டை அப்படியும் கடித்தது. அவன் கத்திய கத்தலுக்கு, "அந்தத் தம்பியையும் ஒரு படம் எடுங்க, கருவி அவர என்னான்னு சொல்லுதுன்னு தெரியட்டும்" என்றார் மாரியாயி. ஒவ்வொரு பெண்ணாக வரிசைக்குள் போய், குனிந்து, நிமிர்ந்து, கூடையைத் தலைமேல் கவிழ்த்து, பனிக்குள்ளேயும் வெளியேயும் நின்றார்கள்.

கடைசியில் ஜெஸிந்தா வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு முடியைக் கோதத் தொடங்கினார்.

"அம்மா, துண்டக் கட்டு. வேல செய்யறாப்புலயே நிக்கணும்."

"ஒரு போட்டோவாச்சும் நல்லா எடேன்டி."

"அது ஊட்ல போயி எடுக்கறேன். இங்க குனி."

"எத்தன நாளைக்கு ஊட்ல இருப்ப?" ஜெஸிந்தா குனியாமலே கேட்டார்.

ஸ்டெபி கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தாள். லென்ஸில் தூறல் பட்டது, துடைக்கவில்லை.

"தெனமும்" என்றாள்.

ஜெஸிந்தா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தார்.