முதலில் காட்டிய பட்டன்

கம்பெனி என்று சொன்னால் பெரிதாகத்தான் கேட்கும். உண்மையில் ஓர் அக்கா, ஒரு தம்பி, மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, அவ்வளவுதான். கால்நடை மருத்துவமனைகளின் சிகிச்சைப் பதிவுகளை இணையத்தில் வைத்துப் பாதுகாக்கும் மென்பொருளைத் தம்பி எழுதினான். அதைத் தெருத்தெருவாக அலைந்து விற்றவள் அக்கா.

விற்கப் போகிறவள் எதை முதலில் காட்டுவாள்? இருப்பதிலேயே பளபளப்பானதை. அக்காவோ எடுத்த எடுப்பிலேயே 'விலகுகிறேன்' என்ற பட்டனைக் காட்டுவாள். அழுத்தினால் வாடிக்கையாளரின் பதிவுகள் அத்தனையும், எந்தக் கணினியிலும் திறக்கும்படி, அவர் கைக்கே வந்து சேரும். மகனின் கைக்குழந்தைப் படங்களை அவள் நம்பிக் கொடுத்து வைத்திருந்த ஒரு நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிப்போனதிலிருந்து அவளுக்கு இதில் ஒரே பிடிவாதம்.

"கல்யாணத்தன்னிக்கே விவாகரத்துப் பத்திரத்தை நீட்டுற மாதிரி இருக்குக்கா" என்று முனகிக்கொண்டேதான் தம்பி அதைச் செய்து முடித்தான்.

'நாய் டாக்டரம்மா' என்று எல்லாரும் அழைக்கும் கால்நடை மருத்துவருக்கு ஊரில் பல கிளை மருத்துவமனைகள். அவர் சேர்ந்தால் கம்பெனி தலை நிமிரும். இல்லாவிட்டால் தம்பி வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"நீங்க ரெண்டே பேரு. நாளைக்கே சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டா என் நாயும் பூனையும் எங்க போய் நிக்கும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சண்டை தினமும்தான் போடுறோம் டாக்டர். அதுக்குத்தான் இந்தப் பட்டனே" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கிளையை மட்டும் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். மாதம் முடிந்ததும் ஃபோன் வந்தது. "நான் விலகிக்கிறேன். என் பதிவெல்லாம் எனக்கு வேணும்."

தம்பி அக்காவின் பக்கம் திரும்பினான். "கொஞ்சம் இழுத்தடிப்போம்க்கா. சர்வர்ல கோளாறுன்னு சொல்லலாம். அதுக்குள்ள மனசு மாறிடும்."

"அவங்க பொருளு. கேட்டா குடுக்கணும். கிளம்பு" என்றாள் அக்கா. மேலே பேச அவள் முகம் இடம் கொடுக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு நாயின் காதுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே மூலையிலிருந்த கணினியைக் காட்டினார். தம்பி பட்டனை அழுத்தினான். திரையில் பச்சைக்கோடு நகர்ந்து முடியும்வரை அவன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு வந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் தன் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினார். இணையத்தையே பார்த்திராத ஒரு பழைய லேப்டாப்பில் அதைச் சொருகித் தேடினார். தடுப்பூசித் தேதி, எக்ஸ்ரே, 'கடிக்கும், பின்னாலிருந்து தூக்கவும்' என்று அவரே எழுதிவைத்த குறிப்பு, எல்லாம் இருந்தன. பூனைகளைத் தேடினார். முயலைத் தேடினார். ஓர் ஆமையைக்கூட விடவில்லை.

"ஏன் போறேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க?"

"கேக்கணும்னுதான் இருந்துச்சு. முதல்ல உங்க பொருளைக் குடுத்துட்டுக் கேக்கலாம்னு வந்தேன்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். "உங்களுக்கு முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட இருந்தேன். விலகுறேன்னு சொன்னதும் சர்வர்ல கோளாறுன்னு இழுத்தடிச்சாரு. வாயால எல்லாரும்தான் தர்றேங்கிறாங்க, அதான் கேட்டுப் பார்த்தேன். எல்லாக் கிளையையும் சேர்த்துக்கோங்க. ஆனா இந்தப் பட்டனை மாசாமாசம் அழுத்துவேன்."

தம்பிக்குக் காது மடல் சுட்டது.

"தாராளமா அழுத்துங்க டாக்டர்" என்றாள் அக்கா.

"யார் செஞ்சது இதை?"

"என் தம்பி" என்றாள் அக்கா. முனகல், இழுத்தடிக்கும் யோசனை எதைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை. "ராத்தூக்கம் இல்லாம, பார்த்துப் பார்த்து செஞ்சான்."

பட்டன் யோசனை அக்காவுடையது என்று தம்பி சொல்ல நினைத்தான். அதற்குள் டாக்டரம்மா அடுத்த நாயைக் கவனிக்கப் போயிருந்தார். பட்டனை நினைத்துப் பெருமையாக இருந்தது. அக்காவை நினைத்து அதைவிடப் பெருமையாக இருந்தது.

படியிறங்கும்போது சொன்னான். "நாளைக்கு அடுத்த டாக்டர்கிட்ட நானும் வர்றேன்க்கா. அந்தப் பட்டனை முதல்ல நான் காட்டுறேன்."