பின்னால் ஒரு ஸ்கூட்டர்

ஓடுகிற மனைவிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஊர்ந்து வருகிற கணவன் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், இலவசமாகவே தருகிறேன். குடை, இரண்டு பாட்டில் உப்புக்கரைசல், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவரோடு சேர்த்தி.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் எனக்கு 'மந்திரி' என்று பெயர் வைத்துவிட்டார். பாதுகாப்பு வண்டி இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லையாம். "மந்திரியம்மா, இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர் சுற்றுப்பயணம்?" என்று கேட்பார். சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டித் தீர்ப்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பயிற்சி ஓட்டத்தின் பதினான்காவது கிலோமீட்டரில் நான் மயங்கி விழுந்தது உண்மைதான். வெயில், உடம்பில் உப்பு குறைந்துபோனது, என் அசட்டுத் துணிச்சல், மூன்றும் சேர்ந்துகொண்டன. மூன்று நாள் ஆஸ்பத்திரி. இப்போது டாக்டரே தாராளமாக ஓடலாம் என்று சொல்லிவிட்டார். நாற்பத்து நான்கு வயதில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் மூன்று வாரம்தான். அதற்குள் பதினாறு கிலோமீட்டரையாவது ஒருமுறை முழுசாக ஓடிப் பார்த்தால்தான் இருபத்தொன்றைப் பற்றி யோசிக்கவே முடியும்.

ஆனால் பன்னிரண்டைத் தாண்டினால் போதும், பின்னால் ஹாரன். "மூச்சு வாங்குது பாரு. போதும், ஏறிக்கோ." மூச்சு வாங்காமல் ஓட நான் என்ன சாவி கொடுத்த பொம்மையா? இதில் கேவலம் என்னவென்றால், நான் ஏறிக்கொள்வேன். மெத்தென்ற பின்சீட்டு கூடவே வந்துகொண்டிருந்தால் எந்தக் கால்தான் ஓடும்? மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின.

போன சனிக்கிழமை பொரிந்து தள்ளிவிட்டேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று லென்ஸ் தேய்த்துவிட்டு வந்த அலுப்பு வேறு.

"நாளைக்கும் நீங்க பின்னாடி வந்தீங்கன்னா ஓடறதையே விட்டுடறேன். போட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

இவர் லிப்ட் மெக்கானிக். எதையும் மூன்று தடவை சோதிக்காமல் விடாத மனுஷன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "அன்னிக்கு யாரோ போன் பண்ணி, ஒரு அம்மா ரோட்டுல விழுந்து கிடக்காங்கன்னு சொன்னப்ப, நான் லிப்டுக்கு மேல, ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கறேன். உன்கிட்ட வந்து சேர நாப்பது நிமிஷம். அந்த நாப்பது நிமிஷம்..."

"எத்தனை தடவைதான் அதையே சொல்லுவீங்க?" என்றேன். இரக்கமில்லாத பேச்சுதான். இருபதாவது தடவை கேட்கும்போது இரக்கம் எங்கிருந்து வரும்?

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பின்னால் வரமாட்டார். குறுக்கு வழியாகப் போய், பதினாறாவது கிலோமீட்டர் முடிகிற நூலக வாசலில் நிற்பார்.

ஞாயிறு காலை ஓடினேன். பன்னிரண்டு வந்தது. ஹாரன் இல்லை. திரும்பிப் பார்த்தேன், பின்சீட்டும் இல்லை. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினேன்: இவரை, மருந்துக்கடைக்காரரை, என் முழங்காலை. பதினான்கைத் தாண்டியபோது ஒன்றுமே நடக்கவில்லை. சுவரோரம் படுத்திருந்த நாய் ஒன்று கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். பதினைந்தில் அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு ஓடினேன். பதினாறு! நூலக வாசலில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

இவரைக் காணோம்.

முதலில் எரிச்சல்தான். வராதே என்றால் வந்து நிற்பார், வா என்றால் ஆளையே காணோம். போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் செய்தேன். ஐந்து தடவை செய்தும் எடுக்கவில்லை. காலையில் பிரஷர் மாத்திரை போட்டாரா? குறுக்கு வழியில் லாரி வருமே! வாசலில் நின்றிருந்த காவலாளி என்னவோ கேட்டார், காதில் ஏறவில்லை. அந்தக் குறுக்கு வழியில் ஓடினேன். பதினாறு கிலோமீட்டர் ஓடிய கால் என்பதே மறந்துபோயிற்று.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வண்டியைத் தள்ளிக்கொண்டு சாவகாசமாக வந்துகொண்டிருந்தார் மகராஜன்.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சு. உன் பின்னாடி ஊர்ந்து ஊர்ந்தே குடிச்சிடுச்சு போல."

"போன் எங்க?"

"சீட்டுக்கு அடியில. ஏன், கூப்பிட்டியா?"

நடுத்தெருவில் நின்று கத்தினேன். போன் என்ன அலங்காரத்துக்கா? இங்கே ஒருத்தி பதறுவாளே என்ற நினைப்பு வேண்டாமா? உயிரே போய்விட்டது எனக்கு. கத்திக்கொண்டே அவர் தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

'இப்ப தெரியுதா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வண்டியை மறுபடி தள்ள ஆரம்பித்தார். நானும் கூடவே நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு நானே கேட்டேன்.

"அன்னிக்கு... என்கிட்ட வந்து சேர்ற வரைக்கும், வழியெல்லாம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உன்னைத் திட்டிக்கிட்டே வந்தேன்" என்றார்.