கைக்கு அடங்கிய கிட்டார்

“அத மட்டும் எடுக்காதம்மா.”

சண்முகநாதன் முதலாளி சொல்லி முடிப்பதற்குள் ரோஷானி அந்தக் கறுப்பு கிட்டாரைக் கொக்கியிலிருந்து இறக்கிவிட்டாள்.

பெல்மதுளைச் சந்தியில் இருந்த அவருடைய இசைக்கருவிக் கடையில் புது எலக்ட்ரிக் கிட்டார்களையெல்லாம் மடியில் வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றின் கழுத்து உலக்கைத் தடிமன். சுண்டுவிரல் எட்டவே இல்லை. இன்னொன்று கனம்; நின்றுகொண்டு வாசித்தால் தோள் கழன்றுவிடும். கைக்குச் சரியாக வந்த ஒன்றின் விலையைக் கேட்டதும், அண்ணன் ரொபர்ட் வாசலில் நின்ற தன் த்ரீவீலைத் திரும்பிப் பார்த்தான்.

“அத வித்தாலும் பத்தாது, நங்கி.”

கறுப்பு கிட்டார் வேறு சாதி. ஒல்லிக் கழுத்து. விரல் பட்டாலே அமுங்குகிற தந்திகள். தேயிலைக் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன அவளது குட்டை விரல்களுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல இருந்தது. கடையில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியான அம்ப்பில் செருகி ஒரு இழுப்பு இழுத்தாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எவ்வளவுங்க?”

முதலாளி அரை மனதோடு சொன்னார். புதியதில் காற்பங்கு விலைகூட இல்லை. பழைய அம்ப் பெட்டி ஒன்றும் அதோடு சேர்த்தி.

ரொபர்ட்டின் புருவம் ஏறியது. “களவு சாமானா முதலாளி?”

“சீச்சீ! கிட்டாரு, பெட்டி ரெண்டுமே கொடகவெலப் பக்கத்துப் பையன் ஒருத்தனோடது. முருகன் கோயில் திருவிழா மேடையில வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே விழுந்தான். எழும்பவே இல்ல.”

“ஹார்ட் அட்டாக்கா?”

“அப்பிடித்தான் சொன்னாங்க.” அவர் பார்வையைக் கல்லாப்பெட்டிக்கு மாற்றிக்கொண்டார். “கதையக் கேட்டவங்க ஒருத்தரும் வாங்கல.”

“எப்பா நங்கி, எப்பா!” பதறினால் ரொபர்ட்டுக்குச் சிங்களம்தான் வரும். “வேணாம் தங்கச்சி, வா போயிருவோம்.”

ரோஷானி நகரவில்லை. மறுநாள் தோட்டத்து மாதா கோயில் திருநாள். கஹவத்தையில் இசைக்குழு நடத்தும் உதயராஜ் அவள் வாசிப்பைக் கேட்க வருகிறான். எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்தால் குழுவில் இடம்; இல்லையென்றால் கொழுந்துக் கூடைதான் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான்.

“செத்தவரு என்னைய என்ன செய்யப் போறாரு?” என்றாள். கொண்டுவந்த காசைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள்.

*

கதை தோட்டத்துக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா தெரேசம்மா கிட்டாரை வீட்டுப் படியேற விடவில்லை.

“உபதேசியாரு மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிக்காம நீ அதத் தொடக் கூடாது. சொல்லிப்புட்டேன்.”

மறுநாள் பிற்பகல், தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. கோயிலுக்குள் எல்லோரும் வெறுங்கால். பூசைக்கு முந்திய ஒத்திகை. உபதேசியார் அருமைநாயகம் ஜெபம் சொல்லி, கிட்டார் மேல், அம்ப் பெட்டி மேல், சீமெந்துத் தரை மேல் என்று தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்தார். தெரேசம்மாவுக்கு அதுவும் போதவில்லை.

“இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க உபதேசியாரே. தந்தியிலயும் படட்டும்.”

அம்ப்பின் பிளக் சுவரில் இருந்த ஓட்டைக்குப் பொருந்தவில்லை. அது ஒரு பிரச்சினையா? தோட்டத்தில் எந்த லயத்து வீட்டிலும் செய்கிற வேலைதான். உபதேசியார் பிளக்கை வெட்டியெறிந்தார். இரண்டு வயர்களை ஓட்டைகளில் நுழைத்துத் தீக்குச்சிகளால் இறுக்கினார். மூன்றாவது பச்சை வயர் உதவாதது என்று மடங்கித் தொங்கியது.

ரோஷானி கிட்டாரை மாட்டிக்கொண்டாள். விரல் தந்தியைத் தொட்டது.

சுரீர்!

ஆயிரம் கட்டெறும்புகள் ஒரே நேரத்தில் கடித்தாற்போல இருந்தது. கத்திக்கொண்டு பின்னால் விழுந்தாள்.

“பாத்தீங்களா! தீர்த்தத்துக்கும் அடங்கலயே!” தெரேசம்மா முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, கேபிளைக் கிட்டாரிலிருந்து உருவி, கிட்டாரைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள். “டேய் ரொபர்ட், இந்தச் சனியன அந்தாளு கடையிலயே கொண்டுபோய்ப் போடுடா!”

கிட்டார் பை பீடத்து மூலைக்குப் போனது. அம்ப் பெட்டியை எடுக்க ரொபர்ட் குனிந்தான். ஒரு கையால் தரையில் கிடந்த கேபிளின் உலோக முனையைப் பற்றினான். மறு கையால் வழியில் நின்ற மைக் ஸ்டாண்டை நகர்த்தினான்.

அப்படியே நின்றான்.

வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் உதறியது. விரல்கள் விடமாட்டேன் என்றன.

“தொடாதீங்க!” ரோஷானி சுவருக்குப் பாய்ந்து வயரின் ரப்பரைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தாள். தீக்குச்சிகள் தெறித்தன. ரொபர்ட் சாக்குமூட்டையாகச் சரிந்தான்.

மூச்சு இருந்தது. உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கோடு.

“அந்தப் பேய் கிட்டாரு எம் புள்ளையக் கொல்லப் பாக்குதே!” தெரேசம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

“கிட்டார் பைக்குள்ள இருக்கும்மா,” என்றாள் ரோஷானி.

எல்லோரும் மூலையில் கிடந்த பையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மடங்கிக் கிடந்த பச்சை எர்த் வயரைப் பார்த்தாள்; பெட்டியில் கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்க வேண்டியது அது. ஈரத் தரையைப் பார்த்தாள். கொடகவெலப் பையனும் கோயில் மேடையில் வெறுங்காலோடுதான் நின்றிருப்பான். அவன் சாவை மாரடைப்புக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பழியைக் கிட்டாருக்குக் கொடுத்துவிட்டு, கொன்ற பெட்டியையும் கட்டி விற்றுவிட்டார்கள்.

வெளியே வேன் நின்றது. உதயராஜ் தலையைத் துவட்டியபடி வந்தான். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எங்க ஷோவுல தெனம் இப்பிடித்தான் வயரக் குத்துறோம். ஷாக் அடிக்காத பாட்டுக்காரன் யாரு? தள்ளுங்க, நான் மாட்டுறேன். தங்கச்சி வாசிக்கட்டும், நான் கேட்டுட்டுப் போகணும்.”

“கையில அடிச்சா பொழைச்சுக்கலாம் அண்ணே. கிட்டாரப் புடிச்சிக்கிட்டு வாய மைக்ல வச்சா?”

“இந்தா, குழுவுக்கு வர்றியா இல்லையா? அதச் சொல்லு.”

உபதேசியார் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். உதயராஜ் இரண்டு குச்சிகளை உருவிக்கொண்டு சுவரை நோக்கி நடந்தான்.

ரோஷானி அவனுக்கு முன்னால் போய், ஓட்டையை முதுகால் மறைத்து நின்றாள்.

“கொழுந்துக்கே போறேண்ணே. நீங்க போங்க.”

உதயராஜ் நகரவில்லை. அவளும்தான். பூசைக்கு மணியடிக்கத் தொடங்கியது. ஈரக் காலோடு சனம் உள்ளே வந்துகொண்டிருந்தது.